நெகட்டிவில் இன்னும் இருப்பது

1990களில் எடுத்த கல்யாண ஆல்பம் எதையாவது திறந்து பாருங்கள். மாப்பிள்ளையின் பட்டு வேட்டி வெறும் வெள்ளைத் திட்டாகத் தெரியும். ஃபிளாஷ் நேராக அடித்ததில் சரிகைக் கரையும் மடிப்பும் காணாமல் போயிருக்கும். பின்வரிசையில் நிற்கும் பெரியப்பா பாதி இருட்டில் கரைந்திருப்பார். படம் எடுத்தவரைக் குறை சொல்லிப் பயனில்லை. கரையும் மடிப்பும் பெரியப்பாவும் ஃபிலிமில் பெரும்பாலும் பதிந்துதான் இருப்பார்கள். அத்தனை வெளிச்சத்தையும் அத்தனை இருட்டையும் ஒருசேரக் காட்டும் சக்தி பிரிண்ட் பேப்பருக்குக் கிடையாது. கலர் லேபில் அன்று மெஷின் முன்னால் உட்கார்ந்திருந்தவர், முகம் தெளிவாக வந்தால் போதும் என்று ஓர் அளவு வைத்து அடித்துக் கொடுத்தார். ஆல்பத்தில் ஒட்டியிருப்பது அவருடைய முடிவு.

ஆகவே பழைய படங்களைக் கணினிக்குக் கொண்டுவர நினைப்பவர்கள் ஆல்பத்தை ஃபோனில் படம் எடுக்கத் தொடங்குவதற்கு முன், பீரோவின் அடித்தட்டில் நெகட்டிவ் போட்டுக் கொடுத்த லேப் உறைகள் இருக்கின்றனவா என்று ஒருமுறை தேட வேண்டும். நெகட்டிவ் கிடைத்துவிட்டால் பிரிண்டை ஸ்கேன் செய்வது இரண்டாம் தரமான வேலை. அடுத்து எல்லோரும் கேட்கும் கேள்வி: வீட்டிலேயே செய்துகொள்ளலாமா, கடையில் கொடுக்கலாமா? கூடவே, எந்த ஸ்கேனர் வாங்கலாம்? இரண்டுக்கும் பாதி விடை அந்த உறைக்குள்ளேயே இருக்கிறது. உள்ளே எந்த வகை ஃபிலிம், எவ்வளவு, எந்த நிலையில் என்று பார்க்காமல் கருவி வாங்குவதுதான் இந்த வேலையில் அதிகம் நடக்கும் வீண்செலவு.

முதலில் உறையைத் திறந்து முகர்ந்து பாருங்கள். வேடிக்கையாகச் சொல்லவில்லை. 1948இல் ஈஸ்ட்மன் கோடக் நிறுவனம் செல்லுலோஸ் ட்ரைஅசிட்டேட் ஃபிலிமைக் கொண்டுவந்தது. அதற்கு முன்பிருந்த நைட்ரேட் ஃபிலிம் சட்டென்று தீப்பிடிக்கும். புதியதில் அந்த ஆபத்து இல்லாததால் ‘சேஃப்டி ஃபிலிம்’ என்று ஓரத்திலேயே அச்சடித்தார்கள். பத்து வருடத்துக்குள், அந்த ஃபிலிம் சிதைகிறது என்று முதல் புகார் போனது. அனுப்பியது இந்திய அரசு. வெயிலிலும் ஈரப்பதத்திலும் இருந்த அரசின் ஃபிலிம் சுருள்கள்தான் உலகத்துக்கு முதன்முதலில் இந்தச் சிக்கலைக் காட்டிக் கொடுத்தன.

அசிட்டேட் சிதையும்போது அசிட்டிக் அமிலம், அதாவது வினிகர், வெளிவருகிறது. வந்த அமிலம் அங்கேயே தங்கி மேலும் சிதைவைத் தூண்டும். பாலில் விட்ட உறைமோர் மாதிரி, தொடங்கும்வரை மெதுவாக இருக்கும், தொடங்கிவிட்டால் தானே பெருகும். ஃபிலிம் சுருங்கும், நெளியும், கடைசியில் படம் இருக்கும் ஜெலட்டின் படலம் அடித்தளத்தை விட்டுத் தூக்கிக்கொள்ளும். அமெரிக்காவின் ரோச்செஸ்டரில் இருக்கும் இமேஜ் பெர்மனன்ஸ் இன்ஸ்டிட்யூட் போட்ட கணக்கின்படி, புத்தம்புது அசிட்டேட் ஃபிலிமை 21 டிகிரி செல்சியஸிலும் மிதமான ஈரப்பதத்திலும் வைத்தால் இந்த வாடை தொடங்க ஏறக்குறைய 50 ஆண்டுகள் ஆகும். மதுரையிலோ யாழ்ப்பாணத்திலோ எந்த வீட்டுப் பரண் வருடம் முழுக்க 21 டிகிரியில் இருந்தது? 1970களின் நெகட்டிவ் உங்களிடம் இருந்தால் அந்த 50 ஆண்டு ஏற்கெனவே முடிந்திருக்கும், அல்லது முடியப்போகிறது. வாடை வரும் துண்டுகளை உடனே மற்றவற்றிலிருந்து பிரித்துவிடுங்கள். ஸ்கேன் வரிசையில் அவைதான் முதலில்.

வாடை இல்லாவிட்டாலும் கலர் நெகட்டிவுக்கு இன்னொரு வியாதி உண்டு. அதில் படம் சாயங்களால் ஆனது. வெளிச்சமே படாமல் இருட்டில் வைத்தாலும், வெக்கையில் சாயம் மெல்ல வெளுக்கும். கறுப்பு வெள்ளையில் படம் வெள்ளித் துகள்களால் ஆனது. அன்று ஒழுங்காகக் கழுவியிருந்தால் அது சாயத்தைவிட நெடுநாள் தாங்கும். எனவே தாத்தா காலத்துப் படத்துக்கு அவசரம், நம் பள்ளிக்கூடப் படத்துக்கு நிதானம் என்று நினைப்பது சில சமயம் தலைகீழாகிவிடும். 1985இன் கலர் ரோல், 1965இன் கறுப்பு வெள்ளையைவிட மோசமான நிலையில் இருக்கக்கூடும்.

அடுத்து அளவு. ஒரு நீளப் பட்டையில் இரண்டு பக்கமும் ஓட்டைகளோடு இருப்பது 35 மி.மீ. அதில் ஒரு படம் 36 × 24 மி.மீ. ஸ்டுடியோக்காரர்கள் யாஷிகா இரட்டை லென்ஸ் கேமராவிலும், பல வீடுகளில் ஆக்ஃபா கிளிக் பெட்டிக் கேமராவிலும் போட்டது 120 ரோல். அதில் படம் சதுரமாக, ஒரு பக்கம் 5.6 செ.மீ. அளவில் இருக்கும். ஊட்டியின் இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் தயாரித்த ‘இந்து’ ரோலில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படங்கள் உங்கள் வீட்டில் இருந்தால் அவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள், கறுப்பு வெள்ளைக்கு ஸ்கேன் முறை வேறு. விரல் நகம் அளவில் இருக்கும் 110 ஃபிலிமுக்கு வீட்டு ஸ்கேனர் பலவற்றில் பொருந்தும் சட்டமே கிடையாது. அது கடைக்குத்தான் போக வேண்டும்.

எதில் என்ன இருக்கிறது என்று பார்க்க ஒரு எளிய வழி உண்டு. லேப்டாப்பில் ஒரு வெற்று வெள்ளைப் பக்கத்தைத் திறந்து வெளிச்சத்தைக் கூட்டுங்கள். ஃபோனின் செட்டிங்ஸில் பார்வைக் குறைபாடு உள்ளவர்களுக்கான பகுதியில், திரையின் நிறத்தைத் தலைகீழாக்கும் வசதி இருக்கும். அதைப் போட்டுவிட்டுக் கேமராவைத் திறந்து நெகட்டிவ் வழியாகப் பார்த்தால், முகங்கள் அப்படியே நேராகத் தெரியும். நிறம் நீலம் பாரித்திருக்கும், கவலை வேண்டாம். ஆள் அடையாளம் தெரிந்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுப் பெரியவர்களைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு இதைச் செய்தால், எது ஸ்கேன் செய்யத் தக்கது, எது நான்கு முறை எடுத்த அதே பூஜாடி என்று தெரிந்துவிடும். எல்லாவற்றையும் ஸ்கேன் செய்கிறேன் என்று கிளம்பியவர்கள் பாதியில் நிறுத்திவிடுவதைத்தான் அதிகம் பார்க்கிறோம். தேர்ந்தெடுப்பவர்கள் முடிக்கிறார்கள்.

இப்போது டிபிஐ என்ற எண்ணுக்கு வருவோம். விற்பவர்கள் இதை வைத்துத்தான் பயமுறுத்துகிறார்கள். ஓர் அங்குலத்துக்கு எத்தனை புள்ளிகளாகப் படம் பிரித்து வாசிக்கப்படுகிறது என்பதே அது. 35 மி.மீ. நெகட்டிவை உண்மையான 2400 டிபிஐயில் ஸ்கேன் செய்தால் ஏறத்தாழ 7.7 மெகாபிக்சல் படம் கிடைக்கும். 8 × 12 அங்குலத்தில் பிரிண்ட் போட அது தாராளம். 4000 டிபிஐ என்றால் 21 மெகாபிக்சல். அதற்கு மேல் போவது பெரும்பாலான குடும்பப் படங்களுக்கு வீண். கோடக் கேபி10 போன்ற, குவியத்தை மாற்ற முடியாத பிளாஸ்டிக் லென்ஸ் கேமராவில் எடுத்த படத்தில் அவ்வளவு நுணுக்கம் முதலிலேயே பதியவில்லை. கூட்டிக்கொண்டே போனால் ஃபிலிமின் மணல் போன்ற துகள்தான் பெரிதாகத் தெரியும்.

‘உண்மையான’ என்று சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. படுக்கை வசமான, கண்ணாடி போட்ட ஃபிளாட்பெட் ஸ்கேனர்களின் பெட்டியில் 6400 டிபிஐ என்று போட்டிருக்கும். சோதனை அட்டையை வைத்துப் பார்த்தவர்களுக்கு, எப்சன் வி600 மாதிரியில் நடைமுறையில் கிடைத்தது 1500ஐ ஒட்டித்தான். மீதியெல்லாம் வெறும் புள்ளிகள், விவரம் இல்லை. 35 மி.மீ. பட்டைக்கு இது சற்றுக் குறைவு. ஆனால் அதே இயந்திரத்தில் 120 சதுர நெகட்டிவை வைத்தால் நிலைமை மாறிவிடும். ஃபிலிம் பெரிது என்பதால் 1500 டிபிஐயிலேயே 10 மெகாபிக்சலுக்கு மேல் கிடைக்கிறது. ஸ்டுடியோ நெகட்டிவ்கள் நிறைய இருக்கும் வீட்டுக்கு ஃபிளாட்பெட் நல்ல தேர்வு. 35 மி.மீ. மட்டும் இருந்தால் பிளஸ்டெக் போன்ற, ஃபிலிமுக்கென்றே செய்த சின்ன ஸ்கேனர் மேல். சிறிய திரையோடு, கணினியே வேண்டாம் என்று விற்கும் மலிவு டப்பாக்களைப் பற்றி ஒரு வார்த்தை: 22 மெகாபிக்சல் என்று போட்டிருந்தாலும் உள்ளே இருக்கும் சென்சார் அதைவிடக் குறைவாக இருப்பது சகஜம், மிச்சம் ஊதிப் பெரிதாக்கியது. வாட்ஸ்அப்பில் அனுப்பிச் சிரிக்க அது போதும். காப்பகமாக வைத்துக்கொள்ளப் போதாது.

வீட்டில் ஒரு நல்ல டிஜிட்டல் கேமராவும் மேக்ரோ லென்ஸும் இருந்தால் ஸ்கேனரே வாங்க வேண்டாம். நெகட்டிவைக் கீழிருந்து வெளிச்சம் வரும் பலகைமேல் வைத்துக் கேமராவால் படம் எடுப்பதுதான் இன்று பலரும் விரும்பும் முறை. 24 மெகாபிக்சல் கேமராவில் ஃபிரேம் முழுக்க 35 மி.மீ. படத்தை நிறைத்தால், நீளவாக்கில் 6000 புள்ளிகள், அதாவது 4000 டிபிஐக்குச் சற்று மேல். ஒரு பட்டையை ஸ்கேனர் முனகிக்கொண்டே வாசிக்கும் நேரத்தில் கேமரா ஒரு ரோலையே முடித்துவிடும்.

ஆனால் நான்கைந்து விஷயங்களில் கறாராக இருக்க வேண்டும். வெளிச்சப் பலகை நிறத்தை உண்மையாகக் காட்டும் தரத்தில் இருக்க வேண்டும். அந்தத் தரத்தைச் சொல்லும் சிஆர்ஐ எண் 95க்குக் குறையக் கூடாது. டேப்லட் திரையை விளக்காகப் பயன்படுத்தினால் அதன் புள்ளிகளும் படத்தில் விழும். ஃபிலிமைப் பலகையோடு ஒட்டி வைக்காமல் ஓரிரு செ.மீ. தூக்கி வைத்தால் பலகைமேல் இருக்கும் தூசி தெரியாது. அறையில் மற்ற விளக்குகளை அணைத்துவிடுங்கள். கேமராவும் ஃபிலிமும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கின்றனவா என்று பார்க்க, ஃபிலிம் இருக்கும் இடத்தில் ஒரு சின்ன முகக்கண்ணாடியை வையுங்கள். லென்ஸின் பிரதிபிம்பம் படத்தின் நட்டநடுவில் வந்தால் சரி, இல்லாவிட்டால் ஒரு மூலை மங்கும். ஐஎஸ்ஓ 100, துளை எஃப் 8, கை படாமல் எடுக்க இரண்டு நொடி டைமர், ரா ஃபைல். ஓரத்து எழுத்து நேராக வாசிக்கும்படி இருந்தால் பளபளப்பான பக்கம் உங்களைப் பார்க்கிறது என்று அர்த்தம். மங்கலான பக்கத்தில்தான் படம் இருக்கிறது. அந்தப் பக்கத்தில் விரல் படவே கூடாது.

தூசியை ரப்பர் ஊதியால் ஊதுங்கள், வாயால் வேண்டாம். பூஞ்சை படர்ந்திருந்தால் தண்ணீர் பக்கமே போகாதீர்கள். பூஞ்சை தின்ற ஜெலட்டின் தண்ணீரில் கரைந்துவிடும், படம் துடைத்த துணியோடு வந்துவிடும். இரண்டு பட்டைகள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் பிய்க்கவும் கூடாது. இந்த இரண்டு நிலையிலும் வீட்டு வைத்தியம் கிடையாது. அனுபவமுள்ளவர் கையில்தான் கொடுக்க வேண்டும்.

கறுப்பு வெள்ளையை நேராக்குவது எளிது. கணினியில் தலைகீழாக்கினால் வேலை முடிந்தது. கலர் நெகட்டிவை அப்படிச் செய்தால் எல்லோரும் நீலமாக, காய்ச்சல் கண்டவர்கள்போல வருவார்கள். காரணம் அந்த ஆரஞ்சு நிறம். அது பழசாகிப் பழுப்பேறியது என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அது திட்டமிட்டு வைத்தது. கலர் ஃபிலிமில் மூன்று சாய அடுக்குகள் உண்டு. மஜந்தா சாயம் பச்சை ஒளியை மட்டும் தடுக்க வேண்டும், நடைமுறையில் நீலத்தையும் கொஞ்சம் விழுங்கிவிடும். சயான் சாயம் சிவப்போடு சேர்த்துப் பச்சையிலும் நீலத்திலும் கை வைக்கும். இந்தக் குறையைச் சரிக்கட்ட, சாயம் உருவாகாத இடங்களில் அதற்கு ஈடாக மஞ்சளும் இளஞ்சிவப்பும் மிஞ்சி நிற்கும்படி ஃபிலிம் தயாரித்தவர்கள் ஏற்பாடு செய்தார்கள். அப்போது பிசகு படம் முழுக்க ஒரே சீராகப் பரவிவிடும். சீரான பிசகை பிரிண்ட் போடும்போது ஃபில்டர் வைத்து நீக்கிவிடலாம். அந்த மிச்சம்தான் ஆரஞ்சு.

நாமும் அதையே கணினியில் செய்ய வேண்டும். இரண்டு படங்களுக்கு நடுவே இருக்கும் வெற்று இடத்தைத் தொட்டு அந்த ஆரஞ்சை முதலில் நடுநிலையாக்கி, பிறகு தலைகீழாக்கி, சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனியே சரிசெய்ய வேண்டும். ஆகவே ஸ்கேன் எடுக்கும்போது அந்த வெற்று ஓரத்தை வெட்டிவிடாதீர்கள். லைட்ரூமுக்குள் வேலை செய்யும் நெகட்டிவ் லேப் ப்ரோ இதைத் தானாகச் செய்யும், காசு கொடுத்து வாங்க வேண்டும். டார்க்டேபிள் என்ற இலவச மென்பொருளில் நெகடாக்டர் என்ற பகுதி இதற்கென்றே இருக்கிறது. எதைப் பயன்படுத்தினாலும், தானியங்கி முடிவை அப்படியே ஏற்காதீர்கள். நம் தோல் நிறத்தை வெளுக்க வைப்பதும் செம்பு பூசியதுபோல் ஆக்குவதும் இவற்றின் வழக்கம். படத்தில் பருத்தி வேட்டியோ நெற்றி விபூதியோ இருந்தால் அதை வெள்ளைக்கு ஆதாரமாக எடுத்துக்கொள்ளுங்கள். பட்டு வேட்டி உதவாது, அது பிறவியிலேயே சந்தன நிறம்.

ஸ்கேனர் விளம்பரங்களில் வரும், தானாகத் தூசி நீக்கும் வசதியைப் பற்றியும் தெரிந்துகொள்வது நல்லது. அகச்சிவப்புக் கதிர் கலர் சாயங்களின் ஊடே புகுந்து போய்விடும், தூசியும் கீறலும் அதை மறிக்கும். இந்த வித்தியாசத்தை வைத்து இயந்திரம் தூசியை மட்டும் கண்டுபிடித்து மறைக்கிறது. கலர் நெகட்டிவுக்கு அருமையான வசதி. வெள்ளித் துகளோ அகச்சிவப்பை மறிக்கும் என்பதால், கறுப்பு வெள்ளையில் இயந்திரம் படத்தையே தூசி என்று நினைத்துவிடும். மூக்கும் முழியும் குழம்பி வரும். கறுப்பு வெள்ளைக்கு அந்தப் பொத்தானை அணைத்து வைக்கச் சொல்லுங்கள், கடையில் கொடுத்தாலும்.

கடை எப்போது? வீட்டில் பத்து இருபது ரோல் இருந்து, மேக்ரோ லென்ஸோ பொறுமையோ இல்லையென்றால் கடைதான். ஸ்கேனர் வாங்கி, கற்றுக்கொண்டு, முடித்துவிட்டு அதை மூலையில் போடுவதைவிட அது மலிவாகவே முடியும். ஆனால் கடை என்பதில் இரண்டு ரகம். பழைய மினிலேப்களில் நோரிட்சு, ஃபியூஜி ஃபிரன்டியர் இயந்திரங்கள் இன்னும் ஓடுகின்றன. அவை வேகமாக, தானே நிறம் திருத்தி, ஜேபெக் கோப்பாகக் கொடுத்துவிடும். நிறம் கண்ணுக்கு இனிமையாகத்தான் இருக்கும், ஆனால் ஓரம் கொஞ்சம் வெட்டுப்படும், வேட்டிக் கரை மறுபடி காணாமல் போகும். ஆல்பத்தில் நடந்த அதே கதை. இன்னொரு ரகம், ஒவ்வொரு படமாகப் பார்த்து ஸ்கேன் செய்து டிஃப் கோப்பு கொடுப்பவர்கள். விலை அதிகம், நேரமும் அதிகம். என் யோசனை, இரண்டையும் கலந்துகொள்வது: மொத்த ரோல்களும் மினிலேபுக்கு, அதில் தேறும் முப்பது நாற்பது படங்கள் மட்டும் இரண்டாவது ரகத்துக்கு.

கொடுக்கும் முன், எத்தனை பிக்சலில் கிடைக்கும் என்று கேளுங்கள். ‘ஹை ரெசல்யூஷன்’ என்ற பதிலுக்கு அர்த்தம் கிடையாது. ஃபிலிமைத் துண்டுகளாக வெட்டுவார்களா என்று கேட்டு, வெட்டக் கூடாது என்று எழுதியே கொடுங்கள். அவர்களே ஸ்கேன் செய்கிறார்களா, வேறு ஊருக்கு அனுப்புகிறார்களா என்பதும் தெரிய வேண்டும். கூரியரில் போவதாக இருந்தால் எல்லாவற்றையும் ஒரே பெட்டியில் அனுப்பாதீர்கள். முதலில் ஒரே ஒரு ரோல் கொடுத்துப் பாருங்கள். அதில் ஒரு வெள்ளை உடையும் ஓர் இருட்டு மூலையும் இருக்கும் படம் இருந்தால், கடையின் தரம் அதிலேயே தெரிந்துவிடும்.

நெகட்டிவ் வீட்டிலேயே இல்லையென்றால்? கல்யாண நெகட்டிவ்களை ஸ்டுடியோவே வைத்துக்கொள்வது வழக்கமாக இருந்தது, மறுபிரிண்டுக்கு வருவார்கள் என்று. இந்தியாவின் 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆவது பிரிவின்படி, காசு கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்தின் உரிமை, வேறு உடன்படிக்கை இல்லாதவரை, எடுக்கச் சொன்னவருக்கே. ஃபிலிம் துண்டு யார் பொருள் என்பது தனி விவகாரம். சட்டத்தை எடுத்துக்கொண்டு போவதைவிட ஒரு கிலோ இனிப்போடு போவது பலன் தரும். ஸ்டுடியோக்கள் மூடப்படும்போது நெகட்டிவ்கள் குப்பைக்கோ, வெள்ளிக்காக எடைக்கோ போய்விடுகின்றன. புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரிட்டிஷ் நூலகத்தின் அழியும் ஆவணங்களுக்கான திட்டத்தின் உதவியோடு, 1880 முதல் 1980 வரையிலான தமிழ்நாட்டு ஸ்டுடியோப் படங்களைத் தேடி டிஜிட்டலாக்கியது இந்த இழப்பைக் கண்டுதான். உங்கள் ஊரில் பழைய ஸ்டுடியோ ஒன்று ஷட்டரை இறக்கப்போகிறது என்று கேள்விப்பட்டால், விசாரிக்க அதுதான் கடைசித் தருணம்.

ஸ்கேன் முடிந்த பிறகு கோப்புகளை என்ன செய்வது என்பதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 16 பிட் டிஃப் கோப்பு, 4000 டிபிஐயில், ஒரு படத்துக்கு 130 எம்பியை நெருங்கும். தேர்ந்தெடுத்த படங்களை அப்படி வையுங்கள், மற்றவற்றுக்கு நல்ல தரமான ஜேபெக் போதும். மூன்று பிரதி, அதில் ஒன்று வேறு வீட்டில் அல்லது வேறு ஊரில். 2015 டிசம்பர் வெள்ளத்தில் ஆல்பங்களை இழந்த சென்னைவாசிகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. உறவினர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ‘டாக்குமென்ட்’ என்று அனுப்புங்கள். படமாக அனுப்பினால் அது சுருக்கிவிடும், பத்து வருடம் கழித்து எல்லோரிடமும் அந்தச் சுருங்கிய பிரதிதான் மிஞ்சும்.

கோப்புக்குப் பெயர் வைக்கும்போது வருடம், ஊர், நிகழ்ச்சியோடு நெகட்டிவ் ஓரத்தில் இருக்கும் ஃபிரேம் எண்ணையும் சேர்த்துவிடுங்கள். 12, 12ஏ, 13 என்று ஓடும் அந்த வரிசை, ஆல்பத்தில் கலைந்துபோன ஒரு தகவல். மாப்பிள்ளை அழைப்பு முன்னா பின்னா, அந்த மாமா எந்த நாள் வந்து சேர்ந்தார் என்ற சண்டைகளை அது தீர்த்து வைக்கும். லேப் உறையின் மேல் தேதியோ ரசீது எண்ணோ இருந்தால் அதையும் ஒரு படம் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள்.

ஸ்கேன் ஆகிவிட்டதே என்று நெகட்டிவைத் தூக்கிப் போடக் கூடாது. இன்று கிடைக்கும் கோப்பு இன்றைய கருவியின், இன்றைய கையின் வாசிப்பு. இன்னும் நல்ல கருவி வரும்போது மறுபடி வாசிக்க மூலம் வேண்டும். பழைய பட்டர் பேப்பர் உறைகள் ஈரத்தில் ஒட்டிக்கொள்ளும், பிவிசி பிளாஸ்டிக்கும் ஆகாது. பாலிப்ராப்பிலீன் தாள்களிலோ அமிலமற்ற காகித உறையிலோ போட்டு, வீட்டில் வெக்கை குறைந்த அறையில், வெளிச்சுவரை ஒட்டாத அலமாரியில் வையுங்கள். மொட்டை மாடிக்குக் கீழிருக்கும் பரணில் வேண்டாம். பெட்டியில் சிலிக்கா ஜெல் போட்டால் அது நிறம் மாறும்போது மாற்ற மறக்காதீர்கள். வினிகர் வாடை வந்தவை மட்டும் தனி உறையில், காற்று அடைபடாமல், வேறு அலமாரியில்.